பழைய காருக்கு ஆயில் பிரஷர் கேஜ் செட்: கேஜ் சரி, அடாப்டர்தான் தகராறு

டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு அணைந்துவிட்டால் ஆயில் பிரஷர் சரியாக இருக்கிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அந்த விளக்கின் ஸ்விட்ச் பெரும்பாலான வண்டிகளில் 5 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்) சுமாருக்கே அணைத்துவிடும். ரோட்டில் 40 இருக்க வேண்டிய இடத்தில் 12தான் இருந்தாலும் விளக்கு எரியாது. அம்பாசடர், பத்மினி, கார்புரேட்டர் மாருதி 800 வைத்திருப்பவர்கள் இன்ஜினை இறக்கச் சம்மதிப்பதற்கு முன் கேஜ் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

இணையத்தில் விற்கும் செட்டில் ஒரு கேஜ், ஒரு ரப்பர் ஓஸ், ஏழெட்டுப் பித்தளை அடாப்டர்கள். விலை ஒரு ஆயில் சர்வீஸ் செலவை ஒட்டி வரும். கேஜ் பெரும்பாலும் 0 முதல் 140 பி.எஸ்.ஐ. வரை. முதல் குறை அதுதான். முழு அளவில் 3 சதவீதம் பிழை என்றாலே 4 பி.எஸ்.ஐ. ஆகிவிடும், ஐடிலில் 10 இருப்பது 6 என்றும் காட்டும், 14 என்றும் காட்டும். 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாத, கிளிசரின் நிரப்பிய கேஜாக எடுங்கள். முள் ஆடாமல் நிற்கும்.

அடுத்தது மரை. விளக்கின் ஸ்விட்சைக் கழற்றி, அந்தத் துளையில்தான் கேஜின் ஓஸை அடாப்டரோடு போட வேண்டும். மாருதி போன்ற ஜப்பான் வழி வண்டிகளில் ஸ்விட்ச் மரை 1/8 பி.எஸ்.பி.டி. (பிரிட்டிஷ் பைப் மரை), அங்குலத்துக்கு 28 மரை. செட்டில் பெரும்பாலும் வருவது 1/8 என்.பி.டி. (அமெரிக்கப் பைப் மரை), அங்குலத்துக்கு 27. இரண்டு சுற்று அழகாக ஏறிவிட்டுப் பிறகு இறுகும். அதற்கு மேல் ஸ்பேனர் போட்டால் பிளாக்கின் மரை போய்விடும். தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று எங்கே போனாலும் அறுவடை மெஷினுக்கும் டிராக்டருக்கும் ஹைட்ராலிக் ஓஸ் போட்டுத் தரும் கடை இருக்கும். கழற்றிய ஸ்விட்சையே கையில் கொண்டுபோய்க் காட்டி அடாப்டர் வாங்குங்கள். செட்டோடு வந்த ஓஸில் சந்தேகம் இருந்தால் அதையும் அங்கேயே மாற்றிவிடலாம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல் ஆயில் பீய்ச்சினால் தீப்பிடிக்கும்.

அளவை இன்ஜின் நன்றாகச் சூடான பிறகே எடுக்க வேண்டும். வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் ஓடவிட்டால் தண்ணீர்தான் சூடாகும், ஆயில் சூடாகாது. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வரை ஓட்டிவந்த சூட்டில் பாருங்கள். மார்கழிக் காலை அளவையும் அக்னி நட்சத்திர மதிய அளவையும் ஒப்பிடாதீர்கள். 1,000 சுற்றுக்கு 10 பி.எஸ்.ஐ. என்பது பொதுக் கணக்கு. வண்டியின் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணைவிட முள் எப்படி நகர்கிறது என்பதுதான் அதிகம் சொல்லும். குளிரில் 60 காட்டி, சூட்டில் ஐடிலில் 5க்கு விழுந்து, ரேஸ் கொடுத்தால் ஏறுகிறதா? கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் மெயின், பிக் எண்ட் பேரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். குளிரிலும் 25ஐத் தாண்டவில்லை என்றால் அதிகப் பிரஷரை வெளியேற்றும் ரிலீஃப் வால்வில் தூசி சிக்கியிருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், பம்பே தேய்ந்திருக்கலாம். வெளியிலிருந்தே கழற்றக்கூடிய வால்வாக இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். ரேஸ் கொடுக்கக் கொடுக்க முள் இறங்கினால் சம்ப்பில் (இன்ஜின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) ஸ்ட்ரெய்னர், அதாவது சல்லடை, அடைத்திருக்கிறது. கேஸ்கட் பேஸ்டை அள்ளி அப்பிய சம்ப்புகளில் இது சகஜம். டிப்ஸ்டிக்கில் ஆயில் தானாக ஏறி, பெட்ரோல் வாடையும் அடித்தால், மெக்கானிக்கல் ஃபியூயல் பம்பின் டயஃப்ரம் கிழிந்து பெட்ரோல் சம்ப்புக்குள் இறங்குகிறது. பம்பை மாற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் புதிதாகப் போட்டு மறுபடி அளந்த பிறகே பேரிங் பேச்சை எடுக்க வேண்டும்.

20W-40 போட வேண்டிய வண்டிக்குக் கெட்டியான ஆயிலை ஊற்றினால் முள் ஏறத்தான் செய்யும். பேரிங் இடைவெளி அப்படியே இருக்கும், கேஜ் மட்டும் நல்ல பிள்ளையாகிவிடும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் என்ன ஆயில் ஊற்றியிருக்கிறது என்று கேட்காமல் கேஜை நம்ப வேண்டாம்.

வேலை முடிந்து ஸ்விட்சைத் திரும்பப் போடும்போது டெஃப்லான் டேப்பை முதல் இரண்டு மரை விட்டுச் சுற்றுங்கள், துணுக்கு ஆயில் வழிக்குள் போகக் கூடாது. ஒற்றை வயர் ஸ்விட்சுக்குப் பிளாக்தான் எர்த். டேப் தடிமனாகிவிட்டால் எர்த் கிடைக்காது, பிரஷர் பூஜ்யமானாலும் விளக்கு எரியாது. சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல், சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டே பானெட்டை மூடுங்கள்.