செங்கல் சார்ஜருடன் 14 மாதம்

எனக்குக் கணக்கு எழுதும் வேலை. வீடு தருமபுரியில். வேலை கொடுப்பவர்களில் பாதிப் பேர் கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் மண்டியும் மாங்கூழ் ஆலையும் வைத்திருப்பவர்கள். காலையில் பஸ் ஏறினால் காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி, பர்கூர் என்று சுற்றிவிட்டு ராத்திரிதான் வீடு. ஒரு நாள் சார்ஜரை மறப்பேன். இன்னொரு நாள் பவர் பேங்கை ஞாபகமாக எடுத்துப் போவேன், அதில் சார்ஜ் இருக்காது. அதனால்தான் லேப்டாப் சார்ஜரும் பவர் பேங்கும் ஒன்றாக இருக்கும் கருவியைப் பார்த்ததும் வாங்கிவிட்டேன்.

பிளக்கில் சொருகினால் 65 வாட் சார்ஜர். முதலில் லேப்டாப்புக்கும் போனுக்கும் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் தன் பேட்டரியை நிரப்பிக்கொள்ளும். பிடுங்கி எடுத்தால் 10,000 எம்ஏஎச் பவர் பேங்க். தனியாக அதற்கு சார்ஜ் போட வேண்டும் என்ற ஞாபகமே தேவையில்லை. என்னைப் போன்ற மறதிக்காரனுக்கு இது பெரிய விஷயம். ஒரு மாதம் 20-ஆம் தேதி, ஜிஎஸ்டி 3பி தாக்கலுக்குக் கடைசி நாள், எங்கள் தெருவில் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கே கரண்டை நிறுத்திவிட்டார்கள். போனில் ஹாட்ஸ்பாட், லேப்டாப், இரண்டையும் இதிலேயே மாட்டி மதியத்துக்குள் வேலையை முடித்தேன். அன்றைக்குப் போட்ட காசு வந்துவிட்டது என்றுகூட நினைத்தேன்.

ஆனால் பெட்டியின் மேல் பெரிதாக இருக்கும் 65 வாட் சுவரில் இருக்கும்போது மட்டும்தான். பேட்டரியில் ஓடும்போது 30 வாட். இதைப் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள், நான் படிக்கவில்லை. எக்செல், டேலி, பத்து டேப் எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்த்தால் சதவீதம் ஏறாது, இறங்காமல் நிற்கும், அவ்வளவுதான். ஸ்லீப்பில் போட்டால்தான் ஏறும்.

கொள்ளளவிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 10,000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில். பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 37 வாட்-அவர், அதாவது உள்ளே சேர்த்து வைத்திருக்கும் மொத்த மின்சாரம். என் லேப்டாப் பேட்டரி 50 வாட்-அவர். செல்லின் வோல்ட்டை லேப்டாப் கேட்கும் 20 வோல்ட்டுக்கு உயர்த்தும்போது அதில் கொஞ்சம் சூடாக மாறி வீணாகிவிடும். ஆக, புதிதில் லேப்டாப்பை அணைத்து வைத்துப் போட்டால் 10 சதவீதத்திலிருந்து 65 வரை ஏறியது. இப்போது 50-ஐத் தொட்டாலே அதிகம்.

இந்தச் சரிவுக்குச் சூடுதான் காரணம் என்பது என் கணிப்பு. லித்தியம் செல்லுக்கு ஆகாதவை இரண்டு: வெப்பம், முழுக்க நிரம்பிய நிலையிலேயே கிடப்பது. இந்தக் கருவியில் இரண்டுமே தினப்படி நடக்கிறது. 230 வோல்ட்டை இறக்கும் சார்ஜர் பகுதி எப்படியும் சூடாகும், அதை ஒட்டியே செல். அதுவும் எப்போதும் நூறில். மே மாதம் தகரக் கூரை மண்டியில் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு கையில் பிடிக்க முடியவில்லை. ராத்திரி சொருகியபடி விட்டுத் தூங்கும் பழக்கத்தை அன்றோடு விட்டேன்.

அப்புறம் எடை. அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பழைய கட்டடங்களில் பிளக் பாயின்ட் தளர்ந்திருந்தால் மெல்லச் சரிந்து வெளியே வந்துவிடும். சார்ஜ் ஏறுகிறது என்று நினைத்து முக்கால் மணி நேரம் ஏமாந்திருக்கிறேன். இப்போது இதற்காகவே பையில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். சுமையைக் குறைக்க வாங்கியதற்கு ஒரு துணைச் சுமை! பர்கூர் மண்டிக்காரப் பெரியவர் என்னைப் பார்த்தாலே, "வாங்க தம்பி, செங்கல்லு பத்திரமா இருக்குதா?" என்பார்.

விமானத்தில் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பார்வைக்குச் சார்ஜர் என்பதால் பெரிய பெட்டியில் போட்டுவிட்டேன். பெங்களூரில் பெட்டியைத் திறக்கச் சொல்லி எடுக்க வைத்தார்கள். 100 வாட்-அவருக்குள் இருந்தாலும் பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும்.

வாங்கலாமா என்று மச்சான் கேட்டான். அவன் தினமும் ஓசூர் ஆபீசுக்குப் போகிறவன், அங்கே பிளக்குக்குப் பஞ்சமில்லை. வழியில் போனுக்கு மட்டும் போதுமென்றால் வாங்கு, பேட்டரியில் எத்தனை வாட் என்று பார்த்து வாங்கு என்றேன். லேப்டாப்பை நம்பி வெளியே சுற்றுகிறவர்களுக்கு இரண்டும் தனித்தனியாக இருப்பதே மேல். செல் தளர்ந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இதில் சார்ஜர் பகுதி இன்னும் புதிதுபோல் இருக்கிறது, பேட்டரிக்காக மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டும்.

நான் போன மாதம் தனியாக 20,000 எம்ஏஎச் ஒன்று வாங்கிவிட்டேன். செங்கல் இப்போது வீட்டு மேஜையில், கரண்ட் போகும் நாளுக்காக.