மூன்று ஆடி தாண்டிய குடிலும் தாண்டாத ஜிப்பும்

போன வாரம் மச்சான் ஒரு படம் அனுப்பியிருந்தான். 2023 தைப்பொங்கல் முடிந்த கையோடு நான் ஆன்லைனில் 6,499 ரூபாய்க்கு வாங்கிய அதே பசுமைக்குடில், இப்போது 3,899. படத்துக்குக் கீழே ஒரே வரி: “மாப்ள, வாங்கலாமா?”

வாங்கு, வாங்காதே என்று ஒரு வார்த்தையில் முடிக்கத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அன்று காலையில்தான் பின்பக்க ஜன்னல் ஜிப் கையோடு வந்திருந்தது. அந்தக் கோபம் இதில் கொஞ்சம் ஒட்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறடிக்கு எட்டடி, ஆறரை அடி உயரம், 19 மி.மீ. குழாய், பிளாஸ்டிக் மூட்டு, பச்சைக் கட்டம் போட்ட உறை, சுருட்டிக் கட்டுகிற ஜிப் கதவு. இதெல்லாம் விற்கிறவன் போட்ட படத்திலேயே இருக்கிறது. அதில் இல்லாதது காற்று.

எங்கள் வீடு குடிமங்கலம் பக்கம். மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் சுமார் 30 கிலோமீட்டருக்கு வாயைத் திறந்து வைத்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாகப் புகுந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் என்று நேராக வந்து அடிக்கும். வைகாசி நடுவில் ஆரம்பித்தால் ஆவணி வரைக்கும் ஓயாது. இத்தனை காற்றாலைகளை இங்கே வந்து நட்டவர்கள் காற்றை அளந்து பார்த்துத்தான் நட்டார்கள். பொடக்காணியில், அதாவது கொல்லைப்புறத்தில், நின்றால் எனக்கே ஏழு இறக்கைகள் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் குடிலைப் பூட்டினேன். கதவை மேற்குப் பார்த்து வைத்தேன். சமையல்கட்டிலிருந்து அம்மாவுக்கு நேர் வழி என்று காரணம் வேறு.

ஆடிக்காற்றில் அம்மி பறந்து நான் பார்த்ததில்லை. குடில் ஆனியிலேயே பறந்துவிட்டது. வேலை முடிந்து பொழுதோட, அதாவது சாயங்காலம், வீட்டுக்கு வந்தால், நாற்று வளர்க்கிற குழித்தட்டுகள் மட்டும் இடத்தில் இருக்கின்றன, மேலே வானம். பக்கத்துக் காட்டுக்காரர் போன் செய்தார். “தம்பி, உங்க கொட்டாய் நம்ம முருங்கைக்குள்ள வந்து நிக்குதுங்க. ஆளக் கூட்டிட்டு வந்து எடுத்துக்கறீங்களா?” ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார். இரண்டு முருங்கை முறிந்திருந்தன.

நடந்தது இதுதான். கதவு ஜிப்பின் ரன்னர் வளைவில் சிக்கி, பாதி திறந்தபடி இருந்திருக்கிறது. அந்த வழியாக உள்ளே போன காற்றுக்கு வெளியேற வழியில்லை. குடில் சாயவில்லை, குடை மாதிரி உப்பி அப்படியே மேலே எழும்பியது. கூடவே கொடுத்திருந்த வளைந்த கம்பி ஆணிகள் காய்ந்த செம்மண்ணிலிருந்து வெண்ணெயில் கத்தி மாதிரி வந்துவிட்டன.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். எட்டடிப் பக்கச் சுவர் கிட்டத்தட்ட நாலரைச் சதுர மீட்டர். 25 கிலோமீட்டர் வேகக் காற்று அதில் மோதினால் சுமார் 13 கிலோ தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவது நான்கு மடங்கு, அதாவது 50 கிலோமீட்டரில் 50 கிலோவுக்கு மேல். என்னுடைய குடிலின் மொத்த எடை 11 கிலோ. அதற்கு அப்புறம் அதைப் பட்டமாகத்தான் பார்க்க முடிந்தது, கயிற்றை யார் பிடிப்பது என்பது மட்டும்தான் கேள்வி.

ஆகவே முதல் செலவு காலுக்கு. முக்கால் இஞ்ச் ஜிஐ பைப்பை இரண்டரை அடித் துண்டுகளாக ஆறு வெட்டி, கடப்பாரையில் இரண்டடிக் குழி போட்டு, ஜல்லிக் கலவை ஊற்றி நட்டேன். அந்தப் பைப்பின் உள்விட்டம் 21 மி.மீ. சொச்சம் இருக்கும், 19 மி.மீ. கால் அதற்குள் அளவெடுத்த மாதிரி இறங்குகிறது. குறுக்கே ஓட்டை போட்டு ஒரு போல்ட். இந்த ஒரு வேலையை மட்டும் செய்துவிட்டு நிறுத்தியிருந்தாலும் குடில் அதற்கப்புறம் இடத்தை விட்டுப் போயிருக்காது. போகவும் இல்லை.

ஆனால் காலைப் பிடித்தால் இடுப்பு ஆடும். செவ்வகச் சட்டத்தைக் காற்று தள்ளினால் அது சாய்சதுரமாகச் சரியும், முக்கோணம் சரியாது. குடிலோடு மூலைக்கம்பி ஒன்றுகூடத் தரவில்லை. மேற்குச் சுவரிலும் கூரையிலும் பெருக்கல் குறி போல ஜிஐ கம்பி இழுத்து, நடுவில் ஒரு கம்பைச் செருகி முறுக்கினேன். பிளாஸ்டிக் மூட்டுகளில் ஸ்க்ரூ அடித்தது மட்டும் என்னுடைய முட்டாள்தனம். ஓட்டை போட்ட இடத்திலிருந்தே அடுத்த சித்திரை வெயிலில் விரிசல் விட்டது. இப்போது பழைய சைக்கிள் டியூபை வாராக அறுத்து இறுக்கிச் சுற்றியிருக்கிறேன். பார்க்க அசிங்கம், பிடிப்பு அருமை.

உறையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். முதல் தடவை காலைக் குளிரில், வெயிலுக்கு முன்னால் வேலையை முடிக்கலாம் என்று விறைப்பாக இழுத்துக் கட்டினேன். மத்தியானம் பார்த்தால் தொளதொள என்று தொங்குகிறது. பிளாஸ்டிக் சூட்டில் நீளும். எங்களுக்குக் காற்று வலுப்பதும் மத்தியானத்துக்கு மேல்தான். தொய்ந்த உறை படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும், அப்படி அடித்துக்கொள்கிற உறை கிழியும். இரண்டாவது உறையை உச்சிவெயில் பன்னிரண்டு மணிக்கு, காற்றில்லாத பங்குனி நாளாகப் பார்த்துப் போட்டேன். “ஏங்கண்ணு, மண்டை காஞ்சு போகுமல்ல, பொழுதோட பண்ணுனா ஆகாதா?” என்று அம்மா திண்ணையிலிருந்து கத்திக்கொண்டே இருந்தார். ஆகாது. சூட்டில் இழுத்துக் கட்டியது குளிர்ந்ததும் தம்பட்டம் மாதிரி விறைத்துக்கொண்டது.

உறையைக் குழாயோடு பிடிக்க அவர்கள் தந்தது வெள்ளை டேக், இழுத்து இறுக்குகிற பிளாஸ்டிக் பட்டை. ஒரே வருடத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. நம் ஊரில் இதற்கு மருந்து வேலியோரத்திலேயே கிடக்கிறது: பழைய சொட்டுநீர் லேட்டரல் டியூப். 16 மி.மீ. கறுப்பு டியூபை அரையடித் துண்டுகளாக நறுக்கி, நீளவாக்கில் கத்தியால் கீறி, உறைக்கு மேலே குழாயின் மீது கவ்வ வைத்தால் போதும். வெயிலிலேயே கிடக்கத்தான் அதைச் செய்திருக்கிறார்கள், ஒன்றும் ஆகாது. செலவு பூஜ்யம். குழாய் சுட்டு, உறை தொடுகிற இடத்தில்தான் முதலில் பொரிந்து போகும் என்பதால், கூரைக்குழாய்களில் பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்துச் சுற்றினேன். இரண்டாவது உறை இன்னும் அந்த இடங்களில் கிழியவில்லை.

காற்றைத் தடுக்கச் சுவர் எழுப்பலாம் என்று ஒருவர் சொன்னார். வேண்டாம். முழுச்சுவரில் மோதிய காற்று மேலே ஏறி, அந்தப் பக்கம் சுழன்று இறங்கும். குடில் அதில் மாட்டினால் இன்னும் மோசம். பாதிக் காற்றை வடிகட்டி விடுகிற தடுப்புதான் நல்லது. மேற்கே பத்தடி தள்ளி நாலு கல்லுக்கால் நட்டு, 50 சதவீத நிழல்வலை கட்டினேன். தடுப்பின் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரத்துக்கு அதன் பலன் தெரியும் என்பார்கள். ஏழடி வலைக்குப் பின்னால் நின்று பார்த்தால் வித்தியாசம் முகத்திலேயே தெரிகிறது. வலையோரமாக வேலிக்கு வைக்கிற கிளுவை மரத்தின் போத்தும் (வெட்டிய கிளை) ஊன்றியிருக்கிறேன். வலை நைந்து போகும்போது கிளுவை வளர்ந்திருக்கும்.

இத்தனையும் சரி. இப்போது ஜிப்.

பறந்த குடிலைத் தூக்கி வந்தபோதே கதவைக் கிழக்குப் பார்த்துத் திருப்பிவிட்டேன். பஸ் ஸ்டாண்டு எதிரில் பை தைக்கிறவரிடம் ரன்னர் மாற்றினேன், 30 ரூபாய். பல்லில் மெழுகுவர்த்தி தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். மெழுகில் செம்மண் தூசி ஒட்டி, ஒரு மாதத்தில் ஜிப் உப்புத்தாள் மாதிரி ஆனது. ஐப்பசி வந்தது, வடகிழக்கு மழை வந்தது, இப்போது கதவு நேராக மழையைப் பார்த்து நிற்கிறது. மேற்கே வைத்தால் ஆடி, கிழக்கே வைத்தால் ஐப்பசி. மூடாத ஜிப் வழியாகச் சாரல் அடித்து இரண்டு தட்டு மிளகாய் நாற்று அழுகியது.

சரி, திருப்பூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஜிப்புக்குப் பஞ்சமா? பனியன் கம்பெனியில் இருக்கிற நண்பன் பத்தாம் நம்பர் ஜிப் கொடுத்தான். பெரிய பல், உலோக ரன்னர், ஜாக்கெட்டுக்கு ஏற்றுமதியாகிற சரக்கு. டெய்லரிடம் கெஞ்சி உறையிலேயே தைத்தேன். 2024 ஆடியில் ஜிப் ஜம்மென்று நின்றது, அதைச் சுற்றியிருந்த உறை கிழிந்தது. ஊசி போட்ட ஓட்டைகள் வரிசையாக இருந்தால் தபால்தலை கிழிகிற மாதிரிதான் கிழியும். இதையெல்லாம் விற்பவனுக்கு எழுதினேன். “வாடிக்கையாளர் வலுவாக இழுக்கக் கூடாது” என்று பதில் வந்தது. இழுத்தது நானில்லை, பாலக்காட்டுக் கணவாய்.

இந்த வருடம் ஆனியில் அம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கோணி ஊசியும் சணலும் எடுத்து வந்து, மூட்டை தைக்கிற மாதிரி கதவையே தைத்துவிட்டார். தண்ணீர் விடுவதற்குக் கீழே தூக்கிவிட்டு, தவழ்ந்து உள்ளே போனார். அறுபத்தெட்டு வயது. அதைப் பார்த்துவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மாடு கட்டுகிற கட்டுத்தாரைக்குப் பின்னால், ஆடு வைத்திருந்த காலத்துப் படல் ஒன்று சாத்திக் கிடந்தது. விளாறு பின்னி, மூங்கில் சட்டம் கட்டியது. பட்டிக்கு வாசலாக இருந்தது. அளவு கொஞ்சம் பெரிசு. ஓரத்தை வெட்டி, நிழல்வலை போர்த்தி, இரண்டு கம்பி வளையத்தில் மாட்டினேன். காற்று அடிக்கும்போது லேசாக முனகுகிறது. அவ்வளவுதான். மழைக்கு மட்டும் மேலே உரச்சாக்கு ஒன்றைத் தொங்கவிடுகிறோம். ஜிப்பை அறுத்து எடுத்து நண்பனிடமே கொடுத்துவிட்டேன்.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால் பேசுகிறேன். குழாய் துருப்பிடிக்கவில்லை. மார்கழிப் பனியில் தக்காளி நாற்று வெளியே சுணங்கி நிற்கும்போது உள்ளே 25 நாளில் எடுக்கும் பதத்துக்கு வந்தது. சித்திரையில் உறையோடு விட்டால் உள்ளே 46 டிகிரி காட்டுகிறது. அது நாற்றங்கால் இல்லை, இட்லிச்சட்டி. அந்த இரண்டு மாதம் உறையைக் கழற்றிவிட்டு நிழல்வலை மட்டும் போட்டுக்கொள்ள வேண்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நான் எதிர்பார்க்காத நன்மை மயில். எங்கள் பக்கம் மயில் பெருகியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். விதைத்ததைக் கிளறும், முளைத்ததைக் கொத்தும், தக்காளி சிவக்கிற நாளை நம்மைவிட நன்றாக அறியும். 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிற பறவை, கல்லெறியவும் யோசிக்க வேண்டும். காற்றுக்கும் மழைக்கும் என்று வாங்கிய குடில் மயிலுக்குத்தான் உண்மையில் பயன்பட்டது. காலையில் ஐந்தாறு மயில்கள் குடிலைச் சுற்றி நடந்து, உறை வழியாகப் பச்சையைப் பார்த்து, கழுத்தைச் சாய்த்து நிற்கும். அம்மா படலுக்கு உள்ளே இருந்தபடியே அவற்றைத் திட்டுவார். அந்தக் காட்சிக்கே 6,499 கொடுக்கலாம்.

கணக்கு: குடில் 6,499. இரண்டாவது உறை 1,800. பைப், ஜல்லி, கம்பி, வலை, கல்லுக்கால், ஜிப்புக்கு அலைந்த பெட்ரோல் எல்லாம் சேர்ந்து 5,200. முருங்கைக்காரருக்கு ஒரு தார் பூவன் பழம்.

மச்சானுக்கு இவ்வளவையும் சொல்லி, கடைசியில் “வேண்டாம்” என்று எழுதினேன். 3,899 இல்லை, 899க்குக் கொடுத்தாலும் ஜிப் வைத்ததை வாங்காதே என்றேன். ஐந்து நிமிடத்தில் பதில்: “சரி மாப்ள, அப்ப உன்னுதக் கழட்டி எனக்குக் குடுத்துரு.”

கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். உள்ளே ஆறு தட்டு தக்காளி நாற்று இருக்கிறது, எடுக்க இன்னும் பத்து நாள் ஆகும். அதற்குள் அந்த ஜன்னலுக்கு ஒரு தட்டி பின்ன வேண்டும்.