காதுக்குள் போனது பூச்சியா, பட்டாணியா?

காதுக்குள் எதாவது போய்விட்டால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். பாட்டிக்குத் தேங்காய் எண்ணெய், சித்தப்பாவுக்கு உப்புத் தண்ணீர், அக்காவுக்குத் தலையில் எப்போதும் இருக்கும் கொண்டை ஊசி. எது சரி என்பது உள்ளே போனது எது என்பதைப் பொறுத்தது.

உயிருள்ள பூச்சி என்றால் என் ஓட்டு பாட்டிக்குத்தான். காதை மேலே வைத்துப் படுத்து, கைச்சூட்டில் இருக்கும் எண்ணெயைச் சில சொட்டு விட்டால் பூச்சி மூச்சுமுட்டிச் சாகும், குடைச்சல் அடங்கும். செத்ததை டாக்டர் எடுக்கட்டும். டார்ச் அடித்தால் வெளியே வரும் என்பார்கள். விட்டில் வரலாம், கரப்பான் வெளிச்சத்துக்குப் பயந்து இன்னும் உள்ளேதான் ஓடும். காதில் சீழ் வடிபவர்களுக்கும் செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்களுக்கும் எண்ணெயும் கூடாது, தண்ணீரும் கூடாது.

பட்டாணி, கடலை என்றால் தண்ணீர் பக்கமே போகாதீர்கள். சுண்டலுக்கு ராத்திரி ஊறவைத்த கடலை காலையில் எப்படி இருக்கும்? அதேதான் காதுக்குள்ளும் நடக்கும்.

பட்டன் பேட்டரிக்கு வீட்டு வைத்தியமே இல்லை. காதின் ஈரம் பட்டதும் அதில் மின்சாரம் ஓடி, சுண்ணாம்பு போன்ற காரப்பொருள் உருவாகித் தோலை அரிக்கும். பேட்டரி கசியக்கூட வேண்டியதில்லை. சில மணி நேரத்திலேயே காயம் ஆழமாகிவிடும். சொட்டு மருந்து விட்டால் இன்னும் மோசம். நடுராத்திரி ஆனாலும் சென்னை சென்ட்ரல் எதிரே ஜி.எச்.சுக்கோ, குழந்தை என்றால் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கோ ஆட்டோ பிடியுங்கள்.

கொண்டை ஊசிக்கு வருகிறேன். பெரியவர்களுக்கே காதுக் குழாய் இரண்டரை சென்டிமீட்டர் நீளம்தான். நடுவில் குறுகும், அதைத் தாண்டினால் எலும்பின்மேல் மெல்லிய தோல், தொட்டாலே உயிர் போகும். உருண்டையான பொருளை இடுக்கியால் பிடித்தால் வழுக்கி அந்தக் குறுகலையும் தாண்டிப் போகும். அக்கா மகள் காதில் பாசிமணி போனபோது நடந்தது இதுதான். முதலில் கண்ணுக்குத் தெரிந்தது, அக்கா இரண்டு முறை முயன்றபின் காணவில்லை.

இ.என்.டி. டாக்டர் நுண்ணோக்கியில் பார்த்து, வளைந்த கொக்கியை மணிக்குப் பின்னால் விட்டு இழுத்தார். ஒரு நிமிஷ வேலை. "வீட்ல தோண்டாம வந்திருந்தா ரத்தம் வந்திருக்காதும்மா" என்றார். பிறகு இன்னொரு காதையும் மூக்கையும் பார்த்தார். மூக்கில் ஒரு மணி இருந்தது.