ஒர்க்‌ஷீட்டா, வீட்டு வேலையா, கட்ட விளையாட்டா?

மூன்றிலிருந்து ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு வீட்டில் கணக்குப் பழக்க இந்த மூன்றில் எது தேவலை? என்னைக் கேட்டால் முதலில் வீட்டு வேலை, அப்புறம் கட்டங்களில் காய் நகர்த்தி ஆடும் கட்ட விளையாட்டு.

ஒர்க்‌ஷீட் எண்களை எழுதிப் பழக உதவும். ஆனால் ஐந்து பூவுக்கு வண்ணம் அடித்த பிள்ளைக்கு ஐந்து என்றால் எவ்வளவு என்று பிடிபட்டதா என்பது தாளைப் பார்த்தால் தெரியாது. செல்போன் செயலிகளில் பெரும்பாலானவையும் திரைக்கு மாறிய ஒர்க்‌ஷீட்தான்.

வீட்டு வேலையில் குட்டு உடனே வெளிப்பட்டுவிடும். நாலு பேருக்குத் தட்டு வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாகத் தொட்டு "ஒன்று, இரண்டு, மூன்று, நாலு" என்று எண்ணி முடித்ததும், "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். பல குழந்தைகள் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார்கள். எண்களை ஒப்பிக்க வருகிறது. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் வரவில்லை. கெல்மன், காலிஸ்டல் என்ற உளவியலாளர்கள் 1978-இல் எண்ணுவதற்கு அடிப்படை என்று வகுத்த ஐந்து விதிகளில் இதுவும் ஒன்று. "இன்னொருவர் சாப்பிட வருகிறார்" என்றால் அங்கேயே கூட்டல் வந்துவிடுகிறது. துவைத்த சாக்ஸை ஜோடி சேர்க்கச் சொன்னால் ஒற்றை, இரட்டை. அகலப் பாத்திரத்துத் தண்ணீரை ஒல்லி தம்ளருக்கு மாற்றினால், "இதில்தான் ஜாஸ்தி" என்று அடித்துச் சொல்வார்கள். வாதாட வேண்டாம், திரும்ப ஊற்றிக் காட்டுங்கள். ஏழு வயதுவாக்கில் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், அவசரத்தில் நாமே எண்ணி நாமே வைத்துவிடுவோம். ஏழு பெரிதா ஒன்பது பெரிதா என்ற கேள்விக்கும் தட்டு வைப்பதில் இடமில்லை.

அதற்குத்தான் கட்ட விளையாட்டு. 1 முதல் 10 வரை நேர்வரிசையில் எண் எழுதிய கட்டங்களில் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளை விளையாடவிட்டு, சீக்லர், ரமணி என்ற உளவியலாளர்கள் 2008-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மொத்தமே சுமார் ஒரு மணி நேர ஆட்டம். எண்களின் பெரிது சிறிது நன்றாகப் பிடிபட்டது. எண்ணுக்குப் பதில் நிறம் பூசிய கட்டங்களில் ஆடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை.

சூட்சுமம் எண்ணும் விதத்தில் இருக்கிறது. ஐந்தில் நிற்கும் காய் இரண்டு கட்டம் நகரும்போது "ஒன்று, இரண்டு" என்று சொல்லக் கூடாது. "ஆறு, ஏழு" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்ல வேண்டும். பலகை வாங்க வேண்டியதில்லை, அட்டையில் பத்துக் கட்டம் வரைந்தாலே சரி. பத்துக் கட்டத்துக்குப் பகடை அதிகம். நாணயத்தைச் சுண்டி, ஒரு பக்கத்துக்கு ஒன்று, மறுபக்கத்துக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.