போதகர்கள் அமைப்பும் மாணவர்கள் அமைப்பும்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்துக்காக 1957இல் உருவான தென்னகக் கிறிஸ்தவத் தலைமை மாநாட்டை நடத்தியவர்கள் பெரும்பாலும் கறுப்பினப் போதகர்கள். தலைவர் மார்ட்டின் லூதர் கிங். கூட்டத்துக்கு இடமும் ஆளும் பணமும் தேவாலயங்களிலிருந்தே வந்தன. ஆனால் எல்லாம் ஒரே தலைவரைச் சுற்றி நடந்தது அங்கேயே பணிபுரிந்த எலா பேக்கருக்குப் பிடிக்கவில்லை. 1960இல் ராலே நகரில் மாணவர்களைக் கூட்டினார், எஸ்.என்.சி.சி. என்ற மாணவர் அமைப்பு பிறந்தது. அவர்கள் மிசிசிப்பி கிராமங்களிலேயே தங்கி, வாக்காளர் பதிவுக்கு மக்களைத் திரட்டினார்கள். 1966இல் ‘கறுப்பர் அதிகாரம்’ என்று முழங்கியதும் இவர்கள்தான்.

சரி, தீவிரம் வந்ததும் பக்தி போய்விட்டதா? அப்படிச் சொல்ல முடியாது. மாணவர் அமைப்பின் ஜான் லூயிஸ் இறையியல் படித்தவர். களப்பணியாளர் ஃபேனி லூ ஹேமர், தோட்டத்தில் உழைத்தவர், கூட்டங்களில் பாடியது பக்திப் பாடல்கள்தான். மேடைக்குப் போதகர்கள் வழி வசதி. ஹேமர் போன்றவர்களை முன்னுக்குக் கொண்டுவந்ததோ மாணவர்கள் வழி. என் ஓட்டு அதற்கே.