பஃபலோவும் ஹயபுசாவும்: திரையில் வெல்வது ஆளா, விமானமா?

விமானம் ஓட்டும் கணினி விளையாட்டான சிமுலேட்டரில் நடக்கும் வான்சண்டையில் தோற்றவர் முதலில் பழிப்பது தாம் ஓட்டிய விமானத்தைத்தான். "உங்க விமானம் சட்டுனு திரும்புது மாமா, அதான்" என்று என் அக்கா மகன் வாராவாரம் சொல்வான். அவனுடையது அமெரிக்காவில் செய்யப்பட்ட பிரூஸ்டர் பஃபலோ, என்னுடையது ஜப்பானிய ஹயபுசா; இரண்டும் இரண்டாம் உலகப் போர்க்காலப் போர் விமானங்கள். நாங்கள் விளையாடும் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு இருப்பது சிங்கப்பூரின் செம்பவாங்கில். 1941 டிசம்பரில் ஜப்பானுடன் போர் மூண்டபோது இங்குள்ள செம்பவாங், காலாங் விமானத் தளங்களில் நின்ற பிரிட்டிஷ் தரப்பின் பஃபலோக்கள் ஹயபுசாக்களிடம் பேரிழப்புக்கு ஆளாயின என்பதால், அவன் முறையீட்டை எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

விமானமே பெரிது என்போருக்கு மலாயா சான்று. ஆளே பெரிது என்போருக்கு ஃபின்லாந்து. அந்நாடு வாங்கியது 44 பஃபலோக்கள்தாம். அவற்றைக் கொண்டே அதன் விமானிகள் சோவியத் விமானங்களைப் பெருமளவில் வீழ்த்தினர். அவர்களில் ஒருவரான இல்மாரி யூட்டிலாய்னென் தம் 94 வெற்றிகளில் 34ஐப் பஃபலோவில் பெற்றார். ஆனால் பெயர்தான் ஒன்று, விமானம் ஒன்றல்ல. ஃபின்லாந்துக்குப் போனது இலகுவான வகை. இங்கு வந்ததோ கருவிகளும் கவசமும் கூடி எடை மிகுந்தது, அந்த எடையைக் குறைப்பதற்காகச் சிலவற்றில் கனத்த துப்பாக்கிகளைக் கழற்றிவிட்டுச் சிறியவற்றைப் பொருத்தும் அளவுக்குப் போனார்கள். ஆட்களும் சமமல்லர்: ஃபின்லாந்தினர் சோவியத்துடனான 1939–40 குளிர்காலப் போரில் தேறியவர்கள், இங்கிருந்தவர்களில் பலர் அண்மையில் பயிற்சி முடித்தவர்கள். இரு காரணங்களும் இப்படிப் பின்னிக் கிடக்கையில் எதையும் தனியே எடைபோட முடியாது.

சிமுலேட்டரில் அது முடியும். 2020 ஆகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்ப்பா நடத்திய சிமுலேட்டர் போட்டியில் இரு தரப்புக்கும் எஃப்-16 போர் விமானம்தான். ஹெரான் சிஸ்டம்ஸ் உருவாக்கிய செயற்கை நுண்ணறிவு, அனுபவமிக்க விமானியை 5–0 என வென்றது. விமானம் சமமானால் ஓட்டுவதே தீர்மானிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை அரிது. ஆயினும் அந்தச் செயற்கை நுண்ணறிவு நேருக்கு நேர் பாய்ந்து சுடுவதையே பெரிதும் நம்பியது. மோதிவிடும் அபாயம் கருதி, மெய்யான பயிற்சிப் பறப்பில் விமானிகளுக்கு விலக்கப்பட்ட முறை அது. உயிர் போகாத திரையில் துணிச்சலும் திறமையாகவே கணக்காகிவிடுகிறது.

நாங்களும் விமானத்தை மாற்றிக்கொண்டோம். பஃபலோவில் அமர்ந்து ஹயபுசாவுடன் வளைந்து வளைந்து சண்டையிட்ட நானும் தோற்றேன். அதுவரை விமானத்தின் பக்கமே நியாயம். பிறகுதான் பஃபலோவின் பலத்தைத் தேடினேன்: உறுதியான உடல், கூடுதல் துப்பாக்கிகள், பாய்ந்து இறங்கும்போது இலகுவான ஹயபுசாவால் தொடர முடியாத வேகம். மேலிருந்து ஒருமுறை பாய்ந்து சுட்டுவிட்டு, வளையாமல் விலகியபோது முடிவு மாறியது. ஆகவே ஒரே காலத்து விமானங்களுக்குள் நான் திறமைக்கே முதலிடம் தருவேன். எதிரியின் வேகம் மிக அதிகமென்றால் மட்டும், சண்டையைத் தொடங்குவதும் முறிப்பதும் அவர் கைக்குப் போய்விடுவதால், விமானமே முந்தும். ரேடாரும் ஏவுகணையும் வந்துவிட்டால் இன்னும் அதிகமாக முந்தும்.

அக்கா மகன் இப்போது விமானத்தைக் குறைசொல்வதில்லை; ஆட்டம் எந்த உயரத்தில் தொடங்க வேண்டும் என்றே வாதிடுகிறான்.