மோன் பிளாங்க் சுற்றுநடை: குடிலா, கூடாரமா?

ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங்க் சிகரத்தைச் சுற்றி, பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாகச் சுமார் 170 கி.மீ. நடை, ஏற்றம் மட்டும் ஏறத்தாழ 10,000 மீட்டர். இரவு எங்கே தங்குவது: வழியிலுள்ள மலைக்குடில்களிலா (நடைபயணிகள் தங்கும் விடுதிகள்), சொந்தக் கூடாரத்திலா?

செலவு: குடிலில் படுக்கையும் இரண்டு வேளை உணவும் சேர்த்துக் கட்டணம். கூடாரத்துக்கு மிகக் குறைவு.

சுமை: குடிலுக்கு, உள்ளே புகுந்து படுக்கும் மெல்லிய துணி உறை போதும். கூடாரம், தூக்கப்பை, அடுப்பு என்றால் நான்கைந்து கிலோ கூடும். ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் முழங்கால் அதை உணரும். இரவு மழையில் நனைந்த கூடாரத்தை விறைத்த விரல்களால் சுருட்டினால் எடை இன்னும் ஏறும்.

சுதந்திரம்: குடிலுக்குப் பல மாதங்கள் முன்பே பதிய வேண்டும். கூடாரத்தையும் நினைத்த இடத்தில் அடிக்க முடியாது. இந்தப் பாதையின் இத்தாலியப் பகுதியில் முகாம்களுக்கு வெளியே 2,500 மீட்டருக்குக் கீழே தடை.

முதன்முறை போகிறவர்களுக்குக் குடிலையே சொல்வேன். கையிருப்பு குறைவா, தேதி உறுதியில்லையா? கூடாரம் எடுங்கள்; இடையில் ஓரிரவாவது குடிலில் உலருங்கள்.